கொடைக்கானலில் இரண்டு நாள்: காலையில் நடை, மதியத்துக்கு மேல் சாப்பாடு (முழுமையான வழிகாட்டி)

கொடைக்கானல் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும்: தூண்பாறை, குணா குகை, பைன் காடு, ஏரியில் படகு, கடைசியில் அரை கிலோ சாக்லேட். பன்னிரண்டு இடம் காட்டுகிறேன் என்று டாக்ஸியில் ஏற்றுவார்கள், அதில் பாதி இடத்தில் வெள்ளை மூட்டத்தைத்தான் பார்த்திருப்பார்கள், மீதி இடத்தில் முன்னால் நிற்கும் ஆளின் முதுகை. ஊரைக் குறை சொல்லி என்ன செய்ய, அவர்கள் போன நேரம் அப்படி.

இந்த ஊரில் எல்லாவற்றையும் முடிவு செய்வது மணிதான். விடியற்காலையில் பள்ளத்தாக்கு துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற, கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி சூடாகி, ஈரக்காற்று மலைச்சரிவோடு மேலே ஏறி, குளிர்ந்து மேகமாகிவிடும். பத்து, பதினொன்றுக்கு மேல் தெற்கு விளிம்பில் எங்கே நின்றாலும் மூடுபனி வந்து மூடலாம். ஆகவே நடப்பதை எல்லாம் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் ஒதுக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கில் போட்டதுதான்.

எந்த மாதம் போவது

ஏப்ரலும் மே மாதமும் வேண்டாம். மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் மலைப்பாதையிலேயே பாதி நாள் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இந்த மலைக்கு அதுதான் பெருமழை. அருவி நன்றாக இருக்கும், பாதை வழுக்கும், அட்டை கடிக்கும். ஜனவரி, பிப்ரவரி தொடக்கம் நடைக்கு அருமையான காலம், ஆனால் இரவில் நடுங்கவைக்கும், சில விடியல்களில் புல் மேல் உறைபனி கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அவ்வப்போது மழை உண்டு, ஆனால் கூட்டம் குறைவு, பேரிக்காய் காலம் வேறு. சாப்பிடவும் நடக்கவும் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்று மாதம்தான்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ காலம் என்பதால் வனத்துறையின் மலையேற்றப் பாதைகளை மூடி வைப்பது வழக்கம். அந்தச் சமயத்தில் போனால் ஊருக்குள்ளும் கிராமங்களிலும் நடப்பதோடு சரி.

கிளம்பும் முன் முடிக்க வேண்டிய காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் சீசனில் போவதாக இருந்தால் அறை போட்ட அன்றே பாஸையும் போட்டுவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது காட்டு அனுமதி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதற்கப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நடப்பது சட்டப்படி குற்றம், அபராதம் போடுவார்கள். 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று இணையதளம் தொடங்கி, மாநிலம் முழுக்க 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது, உடன் வர உள்ளூர் வழிகாட்டியும் தருகிறார்கள். கொடைக்கானல் வட்டாரப் பாதைகளும் அதில் உண்டு. அதில் பதிவு செய்யாமல், “தெரிந்த பையன் ஒருத்தன் கூட்டிப்போவான் சார்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தீயோ காட்டுமாடோ எதிரே வந்தால் அந்தப் பையனும் ஓடத்தான் செய்வான்.

எதற்கு அனுமதி வேண்டாம், எதற்கு வேண்டும்? ஏரியைச் சுற்றி நடப்பது, கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதை, பக்கத்துக் கிராமமான வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை, பூம்பாறை போன்ற கிராமங்களின் தெருக்கள், இவற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை, சில இடத்தில் நுழைவுச்சீட்டு மட்டும் இருக்கும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும், தினமும் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு யாரையும் விடமாட்டார்கள். பெருமாள்மலை உச்சி, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் பாதை இரண்டையும் வனத்துறை வழியாக மட்டும் போங்கள்.

பையில் என்ன

பிடிமானம் உள்ள ஷூ முதல் தேவை. ஓடுவதற்கு வாங்கிய, அடிப்பாகம் தேய்ந்த ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஈர வேர் மேல் அது உங்களை நிற்க விடாது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், மாற்று சாக்ஸ், டார்ச் போதும். முழங்கால் தொல்லை உள்ளவர்கள் இறக்கத்துக்கு ஒரு கம்பு எடுத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். கடையில் வாங்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு மலையில் தடை, சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். மழைக்காலம் என்றால் கால்சட்டையை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அட்டை ஏறாது.

வெள்ளி: ஏறுவது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு வியாழன் இரவுப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வசதி. கொடை ரோடு நிலையத்தில் வெள்ளி விடியும் முன்பே இறக்கிவிடும். அங்கிருந்து மலைக்கு சுமார் 80 கிலோமீட்டர், வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள் பழனி வழியாக ஏறலாம், 64 கிலோமீட்டர்தான், வளைவு அதிகம், கூட்டம் குறைவு.

வத்தலக்குண்டிலிருந்து மேலே போகப்போக உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர் கூடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி வீதம் குளிர் ஏறும் என்பதால் கீழே வியர்த்தபடி ஏறியவர் மேலே இறங்கும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைந்திருக்கும். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கொண்டை ஊசி வளைவில் வயிறு புரளுகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல், வயிறு நிறையச் சாப்பிடாமல் வந்தாலே பாதித் தொல்லை தீர்ந்தது. மாத்திரை போடுவதாக இருந்தால் வத்தலக்குண்டிலேயே போட்டுவிடுங்கள், பாதி மலையில் போட்டுப் பயனில்லை.

தங்குவதற்கு ஏரிக்கரையை விட நாயுடுபுரம், வட்டக்கானல் பக்கங்கள் எனக்குப் பிடிக்கும். வட்டக்கானலில் தங்கினால் சனிக்கிழமை காலை நடை வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும், ஆனால் இரவு ஊருக்குள் சாப்பிடப் போவது சிரமம். பேருந்தில் வருகிறவர்கள் ஊருக்குள்ளேயே, ஏழுரோட்டுக்கு நடக்கிற தூரத்தில் பாருங்கள்.

சனி காலை: வட்டக்கானல், டால்பின் நோஸ்

ஆறு மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். வயிற்றுக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் போதும், பலகாரம் அப்புறம். ஊருக்குள் தங்கியிருந்தால் டாக்ஸியில் வட்டக்கானல் போய் இறங்கலாம். நேரமும் காலும் இருந்தால் செயின்ட் மேரிஸ் ரோட்டில் சலேத் மாதா கோயில் வழியாக நடந்தே போவது நல்லது, ஒரு பக்கம் பாம்பார் சோலை கூடவே வரும். வழியில் வரும் பாம்பார் அருவியைத்தான் பழைய சோப்பு விளம்பரத்தால் லிரில் அருவி என்கிறார்கள். பாறை ஈரமாக இருக்கும், எட்டி நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

சோலை என்கிற இந்தக் காட்டைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசியோடு நிற்கும். மழையைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைக்கு விடுவது இதுதான். கொடைக்கானலில் நீங்கள் பார்க்கும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் மரம் எதுவும் இந்த மண்ணுக்குச் சொந்தமானதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை, அவற்றின் அடியில் போனது மலையின் பழைய புல்வெளி. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பைன் காடும் 1906-இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் நடத்தொடங்கியதுதான். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை, ஆனால் உள்ளே ஒரு பறவைச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வரை இறக்கம்தான். மண்ணுக்கு மேல் புடைத்த வேர்களே படிகள். இறங்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும், திரும்பி ஏற அதைவிடக் கூடுதல். முதல்முறை வருகிறவர்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும், ஏறும்போது எங்கெங்கே உட்காரப் போகிறார்கள் என்று. பாறை நுனி பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், கீழே பெரியகுளம் பக்கம் விரிந்து கிடக்கும். நுனிக்குப் போய்க் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம், அங்கே விழுந்தவர்கள் உண்டு, காற்று சொல்லிவிட்டு வீசுவதில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் எக்கோ பாறை. ஏழரை மணிக்குள் அங்கே இருந்தால் அனேகமாக நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். ஒன்பதரைக்குத் திரும்பி ஏறும்போது எதிரே வரும் வரிசையைப் பார்த்துக் கொஞ்சம் இறுமாந்துகொள்ளலாம், தப்பில்லை.

அதே பாதை மேலும் கீழே இறங்கி வெள்ளகவிக்குப் போகிறது. மலைச்சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்தவர்கள் நடந்தும் டோலியிலும் ஏறியது இந்தப் பக்கத்துப் பாதையில்தான். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பது வெள்ளகவியின் கட்டுப்பாடு, கோயில்களும் வீடுகளும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஊரையே கோயிலாகப் பார்க்கிறார்கள். போகிறவர்கள் ஊர் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் வேண்டும், பழகிய கால் வேண்டும், மேலே சொன்ன முன்பதிவும் வேண்டும். முதல் பயணத்தில் இதைச் சேர்க்காதீர்கள்.

பத்து மணி: முதல் சரியான சாப்பாடு

ஏறி வரும் வழியிலேயே சின்னச் சின்னக் கடைகள் இருக்கும். எலுமிச்சை சோடா, பிரெட் ஆம்லெட், மேகி. மலையில் மேகி ஏன் இவ்வளவு ருசிக்கிறது என்று பலர் வியக்கிறார்கள், ஏறி வந்த பசி என்பதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. அதில் வயிற்றை நிரப்பாமல் பிரெட் ஆம்லெட்டோடு நிறுத்துங்கள், ஏனென்றால் வட்டக்கானலில் வேறொன்று இருக்கிறது. இஸ்ரேல் நாட்டுப் பயணிகள் வருடக்கணக்காக இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குவதால் சின்னக் கடைகளில்கூட கொண்டைக்கடலையை அரைத்த ஹம்மஸ், தக்காளிக் குழம்பில் முட்டை உடைத்து ஊற்றிய ஷக்ஷூகா எல்லாம் போடுகிறார்கள். சமைப்பது பெரும்பாலும் நம்மூர்க் கைதான், அதனால் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், எனக்கு அது குறையாகப் படவில்லை.

இதே பக்கத்தில் யாராவது காதருகே வந்து காளான் வேண்டுமா என்று கேட்டால் அது குழம்பு வைக்கும் காளான் இல்லை, போதைக் காளான். சட்டவிரோதம், உடம்புக்கும் ஆபத்து.

சனி மதியம், மாலை

மூடுபனி வந்துவிட்டது, இனி ஊருக்குள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சாதாரண மெஸ் தேடுங்கள். மெனு அட்டை பெரிதாக இருக்கும் ஓட்டலை விட, அன்றைக்கு என்ன பொரியல் என்று வாயால் சொல்லும் இடம் மேல். பக்கத்து வயலில் விளைந்த பட்டர் பீன்ஸ், கேரட், சவ்சவ், முட்டைக்கோஸ் இவைதான் இந்த ஊரின் உண்மையான விசேஷம். பட்டர் பீன்ஸ் குருமாவோ கூட்டோ இருந்தால் கேட்டு வாங்குங்கள், சமவெளிக்கு வந்து சேரும் காய்க்கு இந்த மாவுப்பதம் இருப்பதில்லை.

சமையல் வசதியுள்ள வீட்டில் தங்கியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பருப்பு வேக ரொம்ப நேரம் பிடிக்கும். குக்கர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லையென்றால் பருப்பைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டு நடக்கப் போங்கள்.

நாலு மணிக்கு மேல் கோக்கர்ஸ் வாக். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி மலைவிளிம்பை ஒட்டிப் போட்ட சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலையில்தானே நடக்கச் சொன்னாய் என்பீர்கள். இதற்கு மட்டும் விதிவிலக்கு. முன்னால் பள்ளத்தாக்கில் மேகம் தேங்கி, முதுகுப் பக்கம் மேற்கில் வெயில் தாழ்வாக அடித்தால், உங்கள் நிழலே பெரிதாக அந்த மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி ஒரு வண்ண வளையத்தோடு. எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்தால் பக்கத்தில் நிற்பவரின் வளையம் உங்களுக்குத் தெரியாது, ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றி மட்டும்தான்.

அங்கிருந்து இறங்கி ஏரியைச் சுற்றலாம். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் கரைகட்டி உருவாக்கிய ஏரி இது, சுற்று சுமார் 5 கிலோமீட்டர், மெதுவாக நடந்தால் ஒன்றேகால் மணி. படகுத்துறைப் பக்கம் மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், வேர்க்கடலை. பஜ்ஜியைக் கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்தால் மட்டும் வாங்குங்கள், இந்தக் குளிரில் இரண்டு நிமிடத்தில் ரப்பராகிவிடும்.

இரவுக்குத் திபெத்தியச் சாப்பாடு. இங்கே திபெத்தியக் குடும்பங்கள் ஸ்வெட்டர் கடைகளும் உணவகங்களும் நடத்துகிறார்கள், பி.டி. ரோடு பக்கம் பாருங்கள். மோமோவை எல்லா ஊரிலும் சாப்பிட்டுவிட்டோம், அதனால் துக்பா கேளுங்கள்: நூடுல்ஸும் காயோ கறியோ போட்ட கொதிக்கும் சூப், காலையில் ஏறி இறங்கிய காலுக்கும் இரவுக் குளிருக்கும் அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு அறைக்கு நடக்கும்போது டார்ச் அடித்துக்கொண்டு நடங்கள். காட்டுமாடுகள் இரவில் ஊருக்குள் சர்வசாதாரணமாக மேயும், வளர்ந்த ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை இருக்கும். பார்த்தால் நின்றுவிடுங்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், வேறு தெருவில் சுற்றிப் போங்கள். கன்று கூட இருந்தால் இன்னும் தள்ளி.

ஞாயிறு காலை: பூம்பாறை

முதல் பேருந்திலோ டாக்ஸியிலோ பூம்பாறைக்குப் போங்கள், 18 கிலோமீட்டர் போல. மேலே சாலை வளைவிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும் இடத்தில் எல்லோரும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இறங்கி நடங்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய வயல், அதில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. வரப்பில் நடக்கலாம், பயிரை மிதிக்கக்கூடாது, ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடப்பது மரியாதை. ஊர் நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் நவபாஷாணத்தில் போகர் செய்தது என்பது நம்பிக்கை, அருணகிரிநாதரை முருகன் குழந்தை வடிவில் வந்து காத்ததாக ஒரு கதையும் சொல்வார்கள்.

பூண்டு வாங்க இதுதான் இடம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம் ஊரில் எல்லாப் பூண்டும் மலைப்பூண்டு ஆகிவிட்டது, அது வேறு கதை. ஒரு பல்லை நசுக்கிப் பாருங்கள், நெடி மூக்கில் ஏற வேண்டும். காம்போடு கொத்தாகக் கட்டியதை வாங்கி, சமையலறையில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது, ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர், 1936-இல் கட்டியது. தெளிந்த காலையில் வடக்கே பழனி தெரியும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான், கடைசியாக 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் யாராவது குறிஞ்சிப் பூ காட்டுகிறேன் என்றால் வேறு குறிஞ்சி இனமாக இருக்கும்.

சந்தை, சாக்லேட், இறக்கம்

பதினொன்றுக்குத் திரும்பினால் ஞாயிறு சந்தை சூடாக இருக்கும். மலைக்கிராமத்து ஆட்கள் வாரச் செலவுக்கு வருவதும் இங்கேதான், அதனால் விலையைப் பக்கத்தில் வாங்குகிறவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மே, ஜூனில் பிளம்ஸ், அப்புறம் பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், தாட்பூட் பழம், மரத்தக்காளி. மரத்தக்காளியைப் பழமாகத் தின்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, சுட்டுத் தோலுரித்துப் பச்சைமிளகாயோடு துவையல் அரைத்துப் பாருங்கள். பட்டர் ஃப்ரூட்டைக் கல்லாகவே வாங்குங்கள், மலை இறங்கி வீடு சேர்ந்து இரண்டு மூன்று நாளில் பழுக்கும்.

சாக்லேட் வாங்குவதாக இருந்தால் பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள். கொழுப்பு என்ற இடத்தில் கோகோ வெண்ணெய் இருந்தால் வாங்கலாம், தாவரக் கொழுப்பு என்றிருந்தால் உங்கள் ஊர்க் கடையிலேயே மலிவாகக் கிடைக்கும். பொட்டலமே இல்லாமல் தட்டில் குவித்து எடை போட்டுக் கொடுப்பதை நான் வாங்குவதில்லை. அந்தப் பணத்துக்கு இந்த ஊரில் தயாராகும் சீஸ் வாங்கலாம், ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

இறங்குவது மதியம் இரண்டு மணிக்கு முன்னால். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் எல்லா வண்டியும் ஒன்றாக இறங்கும், வெள்ளி அருவிப் பக்கம் நகராது. வழியில் பெருமாள்மலை, ஊத்து பக்கம் கடைகளில் மலைவாழை தொங்கும். விருப்பாட்சி மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு, தோல் கறுத்துச் சுருங்கினாலும் தயங்காதீர்கள், அந்தப் பதத்தில்தான் இனிப்பு. கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் காப்பிக்கொட்டையும் சில கடைகளில் வறுத்து அரைத்துத் தருகிறார்கள்.

சொந்த வண்டி என்றால் திண்டுக்கல் வழியாகப் போய் சீரகச் சம்பா பிரியாணியோடு இரவுச் சாப்பாட்டை முடிக்கலாம். ரயில் என்றால் வண்டி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கொடை ரோட்டில் இருக்கும்படி பேருந்து பிடியுங்கள். ஊர் சின்னது, இரவில் சாப்பிடக் கடை தேடி அலையாமல் வத்தலக்குண்டிலேயே நாலு பரோட்டா கட்டி எடுத்துக்கொள்வது நல்லது.